கனடா ஜே, கிரே ஜே, விஸ்கிஜாக்: ஒரு பறவைக்கு எந்தப் பெயரை எழுதுவது?

கனடாவின் வடகாடுகளில் வாழும் ஒரு சாம்பல் நிறப் பறவைக்கு ஆங்கிலத்தில் இன்று மூன்று பெயர்கள் ஒருசேரப் புழங்குகின்றன. 2018க்கு முன் அச்சான கையேடுகளில் அது கிரே ஜே. அதற்குப் பின் வந்த பட்டியல்களிலும் கைப்பேசிச் செயலிகளிலும் கனடா ஜே. வடக்கே காட்டோரம் வாழ்பவர்களின் பேச்சில் விஸ்கிஜாக். பிள்ளையின் பள்ளிக் கட்டுரைக்கு உதவும் பெற்றோர், தமிழ் வகுப்புக்குப் பாடம் எழுதும் ஆசிரியர், தாம் கண்ட பறவைகளுக்குப் பட்டியல் வைத்திருப்பவர், மொழிபெயர்ப்பாளர் எனக் கனடாவில் வாழும் தமிழர் பலர் இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய இடத்தில் தயங்கி நிற்கிறார்கள்.

எழுத்து வழக்கு பற்றிய ஐயம் மட்டுமாக இருந்திருந்தால் ஓர் அகராதியைப் புரட்டித் தீர்த்திருக்கலாம். இதில் நாட்டு அடையாளம் கலந்துவிட்டது. கனடா ஜே என்று எழுதினால் ஒரு நாட்டின் கொடியைப் பறவையின் மேல் போர்த்துவதாகிவிடுமா, அதைத் தவிர்த்தால் பூர்வகுடிகளுக்கு மதிப்பளித்ததாகுமா என்ற கேள்விகள் கூடவே வருகின்றன. பொதுப் பயன்பாட்டுக்குக் கனடா ஜே என்பதே என் தேர்வு. ஆனால் அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் நாட்டுப்பற்றுக் காரணத்தை நான் ஏற்கவில்லை. அந்தப் பெயர் இன்று நாம் கனடா என்று அழைக்கும் நாட்டைவிட மூத்தது. அதைக் காட்டவே இந்த ஒப்பீடு.

## எந்தப் பறவை இது?

காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்த இந்தப் பறவை சுமார் 70 கிராம் எடை கொண்டது; மைனாவைவிட எடை குறைவு, வால் நீளம். உடல் சாம்பல், முகம் வெள்ளை, பின்தலையில் கரும்பட்டை. கோடையிலும் இலையுதிர்காலத்திலும் கிடைக்கும் பூச்சி, காளான், பெர்ரிப் பழம், இறந்த விலங்கின் இறைச்சித் துணுக்கு ஆகியவற்றை எச்சிலால் பிசைந்து, மரப்பட்டையின் அடியிலும் பாசியின் இடையிலும் ஆயிரக்கணக்கான இடங்களில் ஒட்டி ஒளித்துவைக்கும். பனிக்காலத்தில் பிற பறவைகள் தெற்கே பறந்துவிட, இது இடம்பெயராமல் அந்தச் சேமிப்பைக் கொண்டே வாழ்ந்து, பிப்ரவரி இறுதியில் கூடு கட்டத் தொடங்கி, சுற்றிலும் பனி உறைந்து கிடக்கும் மார்ச் மாதத்திலேயே முட்டையிட்டு அடைகாக்கிறது. மனிதரைக் கண்டு அஞ்சுவதில்லை. நடைபயணிகளின் உள்ளங்கையில் வந்து அமர்ந்து உணவைக் கொத்திச் செல்லும்.

டொரொன்டோ நகருக்குள் இதைக் காண முடியாது. ஸ்கார்பரோவின் வீட்டுக் கொல்லைக்கு வருவதும், அந்நகரின் பேஸ்பால் அணிக்குப் பெயர் தந்ததும் புளூ ஜே என்ற வேறொரு பறவை. நம் பறவையைக் காண விரும்புவோர் வடக்கே ஒன்டாரியோ மாகாணத்தின் அல்கோன்குவின் பூங்காவுக்கோ அதற்கும் அப்பாலோ செல்ல வேண்டும்.

## எதைக் கொண்டு அளப்பது?

ஒரு பெயரைத் தேர்ந்தெடுக்க ஐந்து அளவுகோல்களை வைத்துக்கொள்கிறேன். அந்தப் பெயரைக் கேட்பவர் வேறு பறவையை நினைத்துக்கொள்ளாமல் இதையே நினைப்பாரா என்பது முதலாவது. பெயருக்கு வரலாற்றில் வேர் உண்டா, அல்லது ஒரு குழு மேசையில் அமர்ந்து ஒட்டிய சீட்டா என்பது இரண்டாவது. அந்தப் பெயர் யாரை உள்ளே அழைக்கிறது, யாரை வெளியே நிறுத்துகிறது என்பது மூன்றாவது. நாட்டு அடையாளம் பற்றிய வாதம் முழுவதும் இதற்குள்தான் நடக்கிறது. இன்னும் இருபது ஆண்டுகளுக்கு அது நிலைக்குமா என்பது நான்காவது. அதைப் பயன்படுத்துவதால் நேரும் மறைமுகச் செலவு ஐந்தாவது: பழைய நூல்கள், பெயர்ப்பலகைகள், தரவுகள், படிப்பவர் மனத்தில் எழும் தவறான எண்ணம் ஆகிய அனைத்தும் இதில் அடங்கும்.

இவை சம எடை கொண்டவை அல்ல. பள்ளிப் பாடத்துக்கு முதலாவதும் ஐந்தாவதும் முக்கியம். ஒரு சமூகத்தின் வாழ்வை எழுதுபவருக்கு மூன்றாவதே தலையாயது.

## கிரே ஜே

அமெரிக்கப் பறவையியலாளர் ஒன்றியம் 1957இல் வெளியிட்ட தன் பறவைப் பட்டியலின் ஐந்தாம் பதிப்பில்தான் இப்பெயர் முழு இனத்துக்கும் உரியதாயிற்று. அதற்கு முந்தைய பதிப்பில் ஆங்கிலப் பெயர்கள் துணையினங்களுக்கே தரப்பட்டன: லாப்ரடார் ஜே, ராக்கி மவுன்டன் ஜே, அலாஸ்கா ஜே என்று ஒவ்வொரு வட்டாரப் பறவைக்கும் ஒரு பெயர் இருந்தது. அமெரிக்காவின் மேற்குக் கரையோரப் பறவை ஆரிகன் ஜே என்ற தனி இனமாகவே கருதப்பட்டு, 1940களில் கனடாப் பறவையோடு ஓரினமாக இணைக்கப்பட்டது. துணையினப் பெயர்களைக் கைவிட்டு ஓர் இனத்துக்கு ஒரே பெயர் என்று ஒன்றியம் முடிவெடுத்தபோது, அந்த மேற்குப் பகுதித் துணையினம் ஒன்றுக்கு வழங்கிவந்த கிரே ஜே என்ற பெயரே கண்டம் முழுவதற்கும் போர்த்தப்பட்டது.

இதன் நற்பேறு, யாரையும் புண்படுத்தாத பெயர் என்பது. எந்த நாட்டையும் எந்த மக்களையும் அது குறிப்பதில்லை. அதுவே அதன் குறையும்கூட. காக்கைக் குடும்பத்தில் சாம்பல் நிறத்துக்குப் பஞ்சமில்லை. நிறத்தைத் தவிர வேறெதையும் சொல்லாத பெயர் நினைவிலும் தங்காது. கனடியருக்கு இன்னொரு மனக்குறையும் இருந்தது: சாம்பல் நிறத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைக் கனடாவில் எழுதும் முறை ஒன்று, அமெரிக்காவில் எழுதும் முறை வேறு. பறவையின் பெயரில் நிலைபெற்றது அமெரிக்க எழுத்து முறை. தமிழில் எழுதும்போது இந்த வேறுபாடு கரைந்துவிடுவதால், அந்தக் குறை நம்மை உறுத்துவதில்லை.

ஒரு சூழலில் இப்பெயரைத் தவிர்க்கவே முடியாது. 1957 முதல் 2018 வரை வெளியான ஆய்வுகள், கையேடுகள், பூங்காத் துண்டறிக்கைகள் பெரும்பாலும் இப்பெயரிலேயே உள்ளன. அல்கோன்குவின் பூங்காவில் 1960களில் தொடங்கி நடந்துவரும் நீண்டகால ஆய்வின் பெரும்பகுதியும் அப்படியே. கனடா ஜே என்று மட்டும் தேடுபவருக்கு அந்த அறுபது ஆண்டு அறிவு கண்ணில் படாமல் போய்விடும்.

## கனடா ஜே

பிரெஞ்சு இயற்கையியலாளர் பிரிசோன் 1760இல் தம் பறவையியல் நூலில் இப்பறவையைக் கனடாவின் பழுப்பு ஜே என்று விவரித்தார். அந்த விவரிப்பைக் கொண்டே, உயிரினங்களுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த ஸ்வீடன் நாட்டவர் லின்னேயஸ் 1766இல், தம் பெருநூலின் பன்னிரண்டாம் பதிப்பில், கோர்வஸ் கனடென்சிஸ் என்று அறிவியல் பெயரிட்டார். பேரினப் பெயர் பின்னர் பெரிசோரியஸ் என்று மாறியபோதும் கனடென்சிஸ் என்ற பகுதி மாறவில்லை. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க ஓவியர் ஆடுபன் வரைந்த பறவை ஓவியத் தொகுப்பிலும் இது கனடா ஜே என்ற தலைப்பிலேயே இடம்பெற்றது.

இந்த ஆண்டுகளைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பிரிசோன் எழுதிய 1760இல் கனடா என்பது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரைக் குடியேற்றம். அதே ஆண்டில்தான் மொன்ட்ரியால் பிரிட்டிஷ் படையிடம் சரணடைந்தது. லின்னேயஸ் பெயரிட்ட 1766இல் அந்த நிலம் பிரிட்டிஷாரின் கியூபெக் மாகாணமாக ஆகிவிட்டிருந்ததால், அதிகாரபூர்வமாகக் கனடா என்ற பெயரில் ஓர் ஆட்சிப்பகுதியே இல்லை. இன்றைய நாட்டின் தொடக்கமான கூட்டமைப்பு உருவானதோ 1867இல். ஆக, பறவையின் பெயரில் உள்ள கனடா ஓர் அரசின் பெயராக அங்கே நுழையவில்லை. அந்தப் பறவையின் உடல் எந்தத் திசையிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்தது என்று குறித்துவைத்த சீட்டாக நுழைந்தது. அதை நாட்டுப்பற்றின் சின்னமாக வாசிப்பது பிற்காலத்தவர் ஏற்றிய பொருள்.

தமிழ் வாசகருக்கு இது புதிய செய்தியன்று. தமிழ்நாட்டுத் தோட்டங்களில் சாதாரணமாகக் காணப்படும் ஊதாப்பிட்டுத் தேன்சிட்டின் அறிவியல் பெயரில் சைலோனிகா என்ற சொல் உண்டு. இலங்கையைக் குறிக்கும் அந்தப் பெயரும் லின்னேயஸ் அதே 1766இல் இட்டதுதான். தென்னிந்தியா முழுவதும் வாழும் பறவையை இலங்கை தனக்கே உரியதென்று சொன்னதுமில்லை, அப்பெயர் கண்டு இந்தியர் வருந்தியதுமில்லை.

பெயர் மீண்ட கதைக்கு வருவோம். அல்கோன்குவின் பூங்காவில் இயற்கையியலாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற டான் ஸ்டிரிக்லன்ட், இப்பறவையையே பல பத்தாண்டுகள் ஆராய்ந்தவர். கனடா ஜே என்ற பெயர் எப்படி நழுவியது என்பதைப் பழைய ஆவணங்களில் தேடிப் பார்த்து, 1957இல் ஒன்றியம் தன் சொந்த விதிகளையே சீராகப் பின்பற்றவில்லை என்று வாதிட்டார். அவரும் உடன் நின்றவர்களும் அளித்த முன்மொழிவை, ஒன்றியத்தின் வழிவந்த அமெரிக்கப் பறவையியல் சங்கம் ஏற்று, 2018இல் வெளியான பட்டியல் இணைப்பில் கனடா ஜே என்ற பெயரை மீட்டது. முன்மொழிவின் அடித்தளம் பெயரிடும் விதிகளும் வரலாறும்தான்.

இனி அளவுகோல்களுக்கு வருவோம். தெளிவில் இப்பெயருக்கு நல்ல மதிப்பெண்: ஜே என்று முடியும் பறவைகளில் கனடாவை முன்னொட்டாகக் கொண்டது இது ஒன்றே. வேர் ஆழமானது. நிலைப்பும் உறுதி, அறிவியல் பெயரோடு ஒத்துப்போகும் பெயரை மறுபடியும் மாற்ற யாருக்கும் காரணம் கிடைப்பது கடினம். தனிமனிதர்களின் பெயரைத் தாங்கிய பறவைப் பெயர்களை எல்லாம் மாற்றப்போவதாக அதே சங்கம் 2023இல் அறிவித்தது. அந்த அறிவிப்பு இடப்பெயர்களைத் தொடவில்லை.

யாரை வெளியே நிறுத்துகிறது என்ற கேள்வியில்தான் இப்பெயர் தடுமாறுகிறது. கனடாவின் எல்லா மாகாணங்களிலும் ஆட்சிப்பகுதிகளிலும் வாழும் இப்பறவை, அலாஸ்காவிலும் வாஷிங்டன், ஆரிகன் மாநிலங்களின் மலைகளிலும் ராக்கி மலைத்தொடர் வழியே தெற்கே நியூ மெக்சிகோ, அரிசோனா வரையிலும் வாழ்கிறது. கிழக்கே மினசோட்டாவின் வடபகுதியிலும் மெய்னிலும் உண்டு. மெய்ன் மாநில மரம்வெட்டிகள் இதைக் கோர்பி என்று அழைத்தார்கள். அவர்களுக்கு இது அண்டை நாட்டுப் பறவையாக இருந்ததில்லை. மறுபுறம், கனடா என்ற அரசோடு நில உரிமைக்காக இன்றும் வழக்காடும் பூர்வகுடிச் சமூகங்களுக்கு, தம் முன்னோர் வேறு பெயரிட்டு அழைத்த பறவையின் மேல் அந்த அரசின் பெயர் இருப்பது உவப்பாக இருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்க முடியாது.

மறைமுகச் செலவு இரண்டு வகை. தரவுகளில் செலவு குறைவு: கண்ட பறவைகளைப் பதிந்துவைக்கும் ஈபேர்ட் போன்ற இணையத் தளங்களில் ஆண்டுதோறும் வரும் வகைப்பாட்டுப் புதுப்பிப்பில் பழைய பதிவுகள் தாமாகவே புதிய பெயருக்கு மாறிவிட்டன. பறவைக்கு வளையமிடுவோர் கைப்பட எழுதும் நான்கெழுத்துச் சுருக்கம் மாறியதால், பழைய களக்குறிப்பேடுகளைப் படிப்பவர் இரண்டையும் அறிந்திருக்க வேண்டியதாயிற்று. இதைவிடப் பெரிய செலவு மனத்தில் விளைவது. 2016இல் ஒரு சங்கம் இதைத் தேசியப் பறவையாகப் பரிந்துரைத்ததும் 2018இல் பெயர் மாறியதும் அடுத்தடுத்து நிகழ்ந்ததால், அரசே இப்பறவையைத் தேர்ந்தெடுத்து அதற்கு நாட்டின் பெயரைச் சூட்டியது என்று பலர் நம்பிவிட்டார்கள். கனடா ஜே என்று எழுதும் ஒவ்வொருவரும் இந்தத் தவறான எண்ணத்தைச் சற்றே வளர்க்கிறார்கள் என்பதால், பாடநூலில் எழுதும்போது ஒரு வரி விளக்கம் தேவைப்படும்.

## விஸ்கிஜாக்

இந்தப் பெயருக்கும் மதுவுக்கும் தொடர்பில்லை. பிறப்பு பற்றி இரண்டு விளக்கங்கள் உண்டு. கனடாவின் பூர்வகுடிகளில் ஒருவரான கிரீ மக்களும் அவர்களுக்கு நெருங்கிய மொழி பேசுவோரும் வழங்கும் கதைகளில் வரும் விசாகெஜாக் என்ற குறும்புக்கார நாயகனின் பெயரிலிருந்து வந்தது என்பது பரவலாகச் சொல்லப்படுவது. அகராதிகளோ, இப்பறவையையே குறிக்கும் வீஸ்கச்சான் போன்ற கிரீச் சொல்லிலிருந்து பிறந்தது என்கின்றன. மென்மயிர் வணிகத்துக்காக வடக்கே வந்த ஆங்கிலேயர் அச்சொல்லைத் தம் காதில் விழுந்தபடி விஸ்கி ஜான் என்றாக்கி, பின்னர் அதுவே விஸ்கி ஜாக் ஆயிற்று. எந்த விளக்கத்தை ஏற்றாலும், மூன்று பெயர்களில் முழுவதும் இந்த மண்ணின் மொழியிலிருந்து எழுந்தது இது ஒன்றே.

அடையாளம் என்ற அளவுகோலை முதன்மையாகக் கொள்வோருக்கு இது வலுவான வாதம். பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு உறைவிடப் பள்ளிகளில் நேர்ந்த கொடுமைகளை ஆராய்ந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015இல் தன் அறிக்கையை வெளியிட்ட பின், கனடாவின் பொதுவாழ்வில் பூர்வகுடிப் பெயர்களுக்கு முன்பில்லாத கவனம் கிடைத்துவருகிறது. பூர்வகுடிப் பெயர் அதிகாரபூர்வப் பெயராக முடியாது என்ற மறுப்பும் நிற்காது. நியூசிலாந்தில் கீயா, டூயி, காக்கப்போ என்ற மாவோரிப் பெயர்களே ஆங்கிலத்திலும் வழங்குகின்றன. அமெரிக்கப் பறவையியல் சங்கத்தின் பட்டியலிலேயே ஹவாய்ப் பறவைகளுக்கு இயிவி, அபாபானே என்று ஹவாய் மொழிப் பெயர்கள் உள்ளன. விஸ்கிஜாக் என்ற பெயரைப் பட்டியலில் ஏற்றுவதற்கு விதி தடையாக இருந்திருக்காது.

இருந்தும் பொதுப்பெயராக இதை நான் பரிந்துரைக்கத் தயங்குகிறேன். இப்பறவை பல்வேறு பூர்வகுடிகளின் நிலங்களில் வாழ்வது. ஒவ்வொரு மொழியிலும் அதற்குத் தனிப்பெயர் உண்டு. ஓஜிப்வே மொழியில் அது க்வீங்விஷி. கிரீச் சொல்லின் திரிபை எடுத்துக்கொண்டு அதுவே பூர்வகுடிகளின் பெயர் என்று பொதுமைப்படுத்துவது, பல மக்களை ஒரே மக்களாகக் காணும் பழைய பழக்கத்தின் தொடர்ச்சி. மேலும், இன்று நாம் எழுதும் வடிவம் கிரீ மக்களின் நாவில் இருந்த வடிவமன்று. வணிகர் தம் வசதிக்குத் திரித்தது. மதிப்பளிக்க வேண்டும் என்ற நோக்கம் இருந்தால் கிரீ வடிவத்தையே எழுதுவது நேர்மை.

திரிபில் வந்து ஒட்டிக்கொண்ட மதுவின் பெயர் இன்னொரு தொல்லை. மென்மயிர் வணிகத்தில் பண்டமாற்றாகக் கொடுக்கப்பட்ட சாராயம் பூர்வகுடிச் சமூகங்களுக்கு விளைவித்த கேடு வரலாற்றில் பதிவானது. அந்த நினைவோடு இப்பெயரைக் கேட்பவருக்கு அது இனிக்காமல் போகலாம். தமிழில் இத்தொல்லை இரட்டிப்பாகிறது. விஸ்கிஜாக் என்று கரும்பலகையில் எழுதும் ஆசிரியர், பறவையைப் பற்றிப் பேசுவதற்கு முன் பாதி வகுப்பைச் சிரிப்பு அடங்கக் காத்திருந்து கழிக்க நேரும். ஆங்கிலத்திலேயே ஒரு சொல்லாகவும் இரு சொல்லாகவும், எழுத்துக்கூட்டல் மாறியும் இது எழுதப்படுவதால், தேடுபொறியிலும் பட்டியலிலும் ஒரே வடிவம் கிடைப்பதில்லை.

பெயர் சிறக்கும் இடம் கதையும் நினைவுக்குறிப்பும். வடக்கே முகாமிட்டவர்களின் அனுபவம், வேட்டையர் வாழ்வு, கிரீ மரபு ஆகியவற்றை எழுதும்போது அங்கே மற்ற இரு பெயர்களும் செயற்கையாக ஒலிக்கும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | கிரே ஜே | கனடா ஜே | விஸ்கிஜாக் |
|---|---|---|---|
| தெளிவு | நிறம் மட்டுமே. மறக்க எளிது | நன்று | பேச்சில் நன்று. எழுத்து வடிவம் நிலையற்றது |
| வேர் | ஒரு துணையினத்தின் பெயர், 1957இல் இனம் முழுவதற்கும் | 1760 விவரிப்பு, 1766 அறிவியல் பெயர் | கிரீ மொழி. வணிகர் வாயில் திரிந்தது |
| உள்ளே அழைப்பது | எவரையும் குறிப்பதில்லை | கனடாவில் வாழ்வோரை | கிரீயும் அதன் உறவுமொழிகளும் பேசுவோரை |
| வெளியே நிறுத்துவது | பொருட்படுத்தும்படி யாருமில்லை | அமெரிக்க மலைப்பகுதி மக்கள். கனடிய அரசோடு முரண்படும் பூர்வகுடிகள் | பிற பூர்வகுடி மொழியினர் |
| நிலைப்பு | கைவிடப்பட்டது | உறுதி | பேச்சில் உறுதி. பட்டியலில் இடமில்லை |
| மறைமுகச் செலவு | புதிய பட்டியல்களில் கிடைக்காது | அரசின் தேசியப் பறவை என்ற மயக்கம் | மதுவை நினைவூட்டும் ஒலி |

## பிரெஞ்சிலும் தமிழிலும்

பிரெஞ்சு மொழியில் இன்று இந்தக் குழப்பம் இல்லை. அங்கே பறவையின் பெயர் மெசாஞ்ஜே து கனடா; 2018இல் ஆங்கிலப் பெயர் மீள்வதற்கு முன்பே பிரெஞ்சுப் பெயரில் கனடா இருந்தது. இரு ஆட்சிமொழிகள் கொண்ட நாட்டில், இரண்டிலும் பெயர் ஒத்துப்போவது கனடா ஜே என்ற தேர்வுக்குக் கூடுதல் வலு.

தமிழில் புதுப்பெயர் ஆக்கலாமே என்ற யோசனை இயல்பாக எழும். எனக்கும் அதில் விருப்பம் உண்டு என்றாலும் இரண்டு குழிகளைச் சுட்ட வேண்டும். சாம்பல் காகம் என்று ஆக்கினால், கழுத்தில் சாம்பல் நிறம் கொண்ட நம் ஊர்க்காகத்தையே படிப்பவர் நினைப்பார். ஜே என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடி இந்தியாவின் பழைய ஆங்கில வழக்கை நாடினால் இன்னும் பெரிய பிழை நேரும்: பிரிட்டிஷ் காலத்தவர் புளூ ஜே என்று அழைத்தது பனங்காடையை. பனங்காடைக்கும் காக்கைக் குடும்பத்துக்கும் உறவே இல்லை. உண்மையான ஜே பறவைகள் இந்தியாவில் இமயமலைப் பகுதிகளில்தான் வாழ்கின்றன என்பதால், தமிழில் அவற்றுக்கு மக்கள் வழக்குப் பெயர் தோன்ற வாய்ப்பிருக்கவில்லை. எனவே ஜே என்பதை அப்படியே வைத்துக்கொண்டு, முதன்முறை எழுதும்போது காக்கைக் குடும்பப் பறவை என்று சேர்த்துச் சொல்வது போதும்.

## தேசியப் பறவை என்பது வேறு கேள்வி

பெயரைத் தேர்ந்தெடுப்பவர்கள் பலர் அதோடு தேசியப் பறவை என்ற தகுதியையும் முடிச்சிட்டுவிடுவதால் இதைப் பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அரச கனடியப் புவியியல் சங்கம் தன் இதழின் வழியாக 2015இல் தேசியப் பறவைத் திட்டத்தைத் தொடங்கி, மக்களிடம் இணைய வாக்கெடுப்பு நடத்தியது. கிட்டத்தட்ட 50,000 வாக்குகள் விழுந்தன. முதலிடம் லூன் என்ற நீர்ப்பறவைக்கு, இரண்டாமிடம் பனி ஆந்தைக்கு. நம் பறவைக்கு மூன்றாமிடமே. ஆனால் லூன் ஏற்கெனவே ஒன்டாரியோவின் பறவை. ஒரு டாலர் நாணயத்திலும் அதன் உருவம் உண்டு. பனி ஆந்தை கியூபெக்கின் பறவை. எந்த மாகாணத்துக்கும் சின்னமாகாத, பனிக்காலத்திலும் நாட்டை விட்டுப் போகாத பறவை என்ற காரணங்களை எடைபோட்டு, நிபுணர் விவாதத்துக்குப் பின் சங்கம் 2016 நவம்பரில் இதைத் தேர்ந்தெடுத்தது. மெக்கில் பல்கலைக்கழகத்தின் ஓய்வுபெற்ற பேராசிரியர் டேவிட் பேர்ட் இதற்காக முன்னின்று வாதிட்டவர்களில் ஒருவர். லூனுக்கு வாக்களித்தவர்கள் ஏமாற்றப்பட்டதாக உணர்ந்ததில் நியாயம் இல்லாமலில்லை. மூன்றாமிடத்தைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தால் வாக்கெடுப்பு எதற்கு என்று கேட்கத் தோன்றும்.

கூட்டரசோ இதை ஏற்கவில்லை. நீரில் வாழும் கொறிவிலங்கான பீவர் 1975இல் சட்டப்படி தேசியச் சின்னமானது போல எந்தப் பறவையும் ஆகவில்லை. பறவையைச் சின்னமாக்கும் எண்ணம் இல்லை என்றே அரசுத் தரப்பு பதிலளித்தது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், சங்கம் தேர்ந்தெடுத்த 2016இல் அதன் அதிகாரபூர்வப் பெயர் கிரே ஜே. நாட்டின் பெயர் இல்லாமலேயே அது அந்தத் தகுதிக்குப் பரிந்துரைக்கப்பட்டது. இந்தியா 1963இல் தேசியப் பறவையாக்கிய மயிலைத் தமிழர் எவரும் இந்திய மயில் என்று அழைப்பதில்லை. அதனால் அதன் தகுதி குறைந்துவிடவுமில்லை.

அடையாள விவாதத்தில் அடிபட்டுப்போகும் செய்தி ஒன்று உண்டு. இப்பறவையின் பனிக்காலச் சேமிப்பு கெடாமல் இருக்கக் குளிர் வேண்டும். இலையுதிர்காலம் வெப்பமடைந்துவருவதால் ஒளித்துவைத்த உணவு அழுகி, அடுத்த கூடுகட்டும் பருவம் பாதிக்கப்படுகிறது என்ற கருதுகோளை 2006இல் வெளியான ஆய்வு முன்வைத்தது. அல்கோன்குவின் பூங்காவின் ஆய்வுப் பகுதியில் இவற்றின் எண்ணிக்கை பாதிக்கும் மேல் குறைந்திருக்கிறது. தெற்கு எல்லை இப்படியே தேய்ந்தால் அமெரிக்க மலைகளில் இருப்பவை முதலில் மறையக்கூடும்; அப்போது கனடா ஜே என்ற பெயர் யாரும் விரும்பாத முறையில் மேலும் பொருத்தமாகிவிடும்.

## யாருக்கு எந்தப் பெயர்?

பள்ளிக் கட்டுரை, தமிழ் வகுப்புப் பாடம், செய்தி, பறவைப் பட்டியல், செயலியில் பதிவு ஆகியவற்றுக்குக் கனடா ஜே என்று எழுதுங்கள். பாடமாக இருந்தால், 2018 வரை கிரே ஜே என்று வழங்கியது என்பதையும், இது சட்டப்படித் தேசியப் பறவை ஆகவில்லை என்பதையும் அதே பத்தியில் சேர்த்துவிடுங்கள். பிள்ளைகள் தேர்வில் தவறாக எழுதுவது இந்த இரண்டாவது செய்தியைத்தான்.

கிரீ மக்களின் கதையையோ வாழ்வையோ எழுதினால் அவர்கள் வழங்கும் வடிவத்தை முதலில் தந்து, விஸ்கிஜாக் என்பது அதன் ஆங்கிலத் திரிபு என்று குறியுங்கள். ஓஜிப்வே நிலத்தைப் பற்றி எழுதினால் ஓஜிப்வேச் சொல்லே முறை. வடக்கே காட்டில் தங்கிவந்த பயணக் குறிப்பில், உடன் வந்த வழிகாட்டி விஸ்கிஜாக் என்றே அழைத்திருந்தால் அதை மாற்றிக் கனடா ஜே என்று திருத்த வேண்டாம். ஆரிகனிலோ மெய்னிலோ வாழ்பவர் தம் ஊர்ப் பறவையைப் பற்றி எழுதும்போதும் பட்டியலுக்காகக் கனடா ஜே என்பதே சரி என்றாலும், உள்ளூர்ப் பெயர் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆய்வுக் கட்டுரை படிப்பவரும் மொழிபெயர்ப்பவரும் இரண்டு பெயர்களிலும் தேட வேண்டும். நிறத்தைக் குறிக்கும் சொல்லை அமெரிக்க, கனடிய எழுத்து முறைகள் இரண்டிலும் கொடுத்துத் தேடினால் விடுபடுவது குறையும். 2018க்கு முந்தைய நூலை மொழிபெயர்ப்பவர் மூலத்தில் உள்ள கிரே ஜே என்பதை அப்படியே வைத்து, முதன்முறை வரும் இடத்தில் மட்டும் இன்றைய பெயரை அடிக்குறிப்பில் தரலாம். மூலத்தை நடுவில் மாற்றினால், 1957இல் நேர்ந்தது என்ன என்று அந்நூலில் தேடுபவருக்குச் சான்று கிடைக்காமல் போய்விடும்.